கோழிக் கொத்தும் ஒரு ஆடும்: விளம்பர ஆங்கிலம் விளங்க ஒரு தொடக்கம்

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு கொத்துக் கடையில் போன வருடம் புதுப் பலகை மாட்டினார்கள். மேலே கடையின் பெயர், மூன்று மொழியிலும். அதற்குக் கீழே மஞ்சள் எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் ஒரு வரி: ‘சிக்கன் கொத்து, த கோட் ஒஃப் ட்ரிங்கோ’. என்னோடு வந்த பெரியப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை இரண்டு தரம் வாசித்தார். உள்ளே போய் இருந்ததும் ஓடர் எடுக்க வந்த பையனிடம் கேட்டார்: “தம்பி, இது கோழியா, ஆடா? இரண்டையும் கலந்தோ போடுறனீங்கள்?”

பையன் விழித்தான். “போர்ட் அடிச்ச அண்ணன்தான் அதை எழுதினவர், ஐயா. எனக்குத் தெரியாது.”

அந்த அண்ணன் நான் இல்லை. ஆனால் அவர் செய்கிற வேலையைத்தான் நானும் செய்கிறேன். திருமலை டவுனில் ஒரு சிறிய அச்சகத்தில் நோட்டீஸ், பனர், மெனு, கலியாணக் கார்ட் எல்லாம் வடிவமைப்பேன். கொழும்பிலிருந்து வரும் ஆங்கில விளம்பரங்களைத் தமிழுக்கு மாற்றிக் கொடுப்பேன். அதனால் அந்த ஆட்டை விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எக்காலத்துக்கும் இதுதான் பெரிது என்று ஆங்கிலத்தில் நாலு சொல்லில் சொல்வார்கள்: ‘கிரேட்டஸ்ட் ஒஃப் ஓல் டைம்’. அந்த நாலின் முதல் எழுத்துகளையும் சேர்த்தால் ஆட்டுக்கான சொல் வந்துவிடும். குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் பெயரைச் சார்ந்த வியாபார உரிமைகளைக் கவனிக்க 1992இல் அவருடைய மனைவி லோனி தொடங்கிய நிறுவனத்துக்கு இந்த நாலெழுத்தைத்தான் பெயராக வைத்தார். பிறகு விளையாட்டு ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து விளம்பரக்காரர். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதற்கு முன்பு அமெரிக்க விளையாட்டுப் பேச்சில் ஒருவரை ஆடு என்றால், தோல்விக்குக் காரணமாகிப் பழி சுமந்த பலிக்கடா என்றுதான் பொருள். வசையாக இருந்த சொல் புகழாக மாறி இப்போது கொத்துக் கடைக்கு வந்திருக்கிறது. அகராதியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் கோழிக் கொத்தில் ஆடு தேடவேண்டியதுதான்.

பெரியப்பா முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவர். நான் சொல்லி முடித்ததும், “அப்ப இது குழூஉக்குறி” என்றார். அங்கேயே பாடமும் தொடங்கிவிட்டது. நன்னூல் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துக் கதைப்பது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள். யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள். வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள். கள் உள்ளே போனால் சொல் வெளியே வரும் என்று கண்டுதான் அந்தப் பெயரை வைத்திருப்பார்கள் போலும்.

கொத்து ஆறிப்போனது. ஆனால் எனக்கு அன்றைக்கு ஒரு திறப்பு கிடைத்தது. விளம்பர ஆங்கிலத்தை ஒரே மூட்டையாகப் படிக்கப் போனால் தலை சுற்றும். அதை இரண்டாகப் பிரிக்கலாம். விளம்பரக்காரர் தங்களுக்குள் கதைப்பது குழூஉக்குறி. எங்களைப் பார்த்துக் கதைப்பது பெரும்பாலும் மங்கலம், அதாவது கெட்டதை நல்ல சொல்லால் சொல்வது. முதலாவது, விளம்பரம் கொடுக்கப் போகிறவர்களுக்கும் அந்தத் தொழிலுக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டியது. இரண்டாவது, காசு கொடுத்துச் சாமான் வாங்குகிற எல்லோருக்கும் வேண்டியது.

தங்களுக்குள் கதைப்பது

என் மானம் போன கதையிலிருந்தே தொடங்குகிறேன். போர் முடிந்து ஓரிரு வருடத்தில் கொழும்பு விளம்பர நிறுவனம் ஒன்று எங்கள் அச்சகத்துக்கு முதல் வேலை தந்தது. மின்னஞ்சலில், ‘தமிழ் கொப்பியை இன்று மாலைக்குள் அனுப்பவும்’ என்று இருந்தது. நான் அவர்களுடைய பழைய தமிழ் நோட்டீஸைத் தேடி எடுத்து, நல்ல வெள்ளைத் தாளில் போட்டோகொப்பி அடித்து, கொழும்பு பஸ் நடத்துநரிடம் பார்சலாகக் கொடுத்துவிட்டேன். அடுத்த நாள் காலையில் தொலைபேசி வந்தது. அங்கே பேசிய பெண் பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எங்களுக்குக் கொப்பி என்றால் நகல், அல்லது பள்ளிக்கூடப் பிள்ளை எழுதும் கொப்பி. விளம்பரத் தொழிலில் கொப்பி என்றால் விளம்பரத்தில் வரும் சொற்கள் அத்தனையும். அச்சுக்கோப்பவரின் கையில் கொடுக்கும் எழுத்துப் பிரதியை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அங்கிருந்துதான் சொல் இங்கே வந்தது. அதை எழுதுகிறவர் கொப்பிரைட்டர். நகலுரிமையைக் குறிக்கும் கொப்பிரைட் வேறு. காதில் கிட்டத்தட்ட ஒன்றாக விழும், பின்பாதி எழுத்தும் வேறு, பொருளும் வேறு. முன்னது எழுதுவது, பின்னது உரிமை. தலைப்பாக வரும் வரி ஹெட்லைன், அதன் கீழே சின்ன எழுத்தில் வருவது பொடி கொப்பி. கடைசியில் ‘இன்றே அழையுங்கள்’ என்று ஒரு வரி வருமே, அதற்கு கோல் டு அக்ஷன் என்று பெயர். சுருக்கி சி.டி.ஏ. என்பார்கள். வாசிக்கிறவர் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று சொல்லும் வரி. நம்ப மாட்டீர்கள், எங்களிடம் வரும் நோட்டீஸ்களில் பாதிக்கு இந்த வரி இருக்காது. கடையின் பெருமை எல்லாம் இருக்கும், தொலைபேசி எண்ணை மறந்துவிடுவார்கள்.

அதே மின்னஞ்சலில் இன்னொரு சொல்லும் இருந்தது: ‘3 மில்லிமீட்டர் பிளீட் விடவும்’. அச்சகத்தில் இருந்தபடியால் அது எனக்குத் தெரியும். தாளின் விளிம்பு வரை நிறம் வரவேண்டுமானால், வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் நிறத்தை ஓடவிடுவோம். கத்தி ஒரு மயிரிழை விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாது. இரத்தம் வழிவதைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள்.

பிராண்ட் என்ற சொல்லை விளக்க எங்கள் மாவட்டத்தைப் போல வசதியான இடம் கிடையாது. தம்பலகாமம், மூதூர் பக்கம் மாட்டுப் பட்டி வைத்திருப்பவர்கள் குறி சுடுவார்களே, அதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். எரிதல் என்ற பொருளுள்ள ஒரு வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தைச் சொல்லவில்லை, ஐரோப்பாவின் வடக்கில் பேசிய பழைய ஜெர்மானிய மொழியைச் சொல்கிறேன். முதலில் தீ, பிறகு சூட்டுக்கோலால் வைத்த குறி, பிறகு பீப்பாயிலும் பெட்டியிலும் போட்ட முத்திரை. பலர் லோகோவையும் பிராண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். மாட்டின் தொடையில் இருக்கும் எழுத்து லோகோ. அந்த எழுத்தைக் கண்டதும் ‘இது இன்னாருடைய பட்டி, நல்ல பால் மாடு, நம்பி வாங்கலாம்’ என்று மனதில் ஓடுகிறதே, அதுதான் பிராண்ட். லோகோவை நான் இரண்டு நாளில் செய்து தருவேன். மற்றது வருடக்கணக்கு.

சில பிராண்டுகள் அளவுக்கு மீறி வெற்றி பெற்றுப் பொதுப்பெயராகிவிடும். காய்ச்சல் என்றால் எந்த நிறுவனத்தின் பரசிட்டமோலையும் நாங்கள் பனடோல் என்றே கேட்கிறோம். மண் வெட்டும் மெஷின் எதுவானாலும் ஜேசிபிதான். ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயரின் பெயரின் மூன்று முதலெழுத்துகள் அவை என்பது நிலம் வெட்டுகிறவருக்கும் தெரியாது, வெட்டுவிக்கிறவருக்கும் தெரியாது.

இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத ஒன்று, போர்க்களச் சொற்கள் இவ்வளவு இருப்பது. ஸ்லோகன் என்பது ஸ்கொட்லாந்துக் கேலிக் மொழியில் படை எழுப்பிய முழக்கம். கம்பெயின் என்பது படையெடுப்பு. டார்கெட் என்பது குறி வைக்கும் இலக்கு. ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் அது பிளாஸ்ட். சொல்கிறவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொற்களை வேறு இடத்தில் கேட்டுப் பழகியவர்கள் நிறையப் பேர். டார்கெட் ஓடியன்ஸ் என்று வந்தால் ‘யாருக்காக’ என்று மட்டும் எழுதிக்கொள்வேன். காரியம் நடக்கிறது.

யு.எஸ்.பி. என்று ஒன்று வரும். பென் டிரைவ் செருகும் இடம் இல்லை, யுனிக் செல்லிங் ப்ரொப்பொசிஷன், மற்றவரிடம் இல்லாத விற்பனை வாக்கு. அமெரிக்க விளம்பரக்காரர் ரொஸர் ரீவ்ஸ் பரப்பிய சொல், 1961இல் அவர் எழுதிய நூலில் விரிவாக விளக்கியது. வாங்குகிறவருக்கு ஒரு குறிப்பிட்ட பலனை வாக்காகக் கொடுக்கவேண்டும். அந்த வாக்கைப் போட்டியாளர் கொடுக்க முடியாததாகவோ இதுவரை கொடுக்காததாகவோ இருக்கவேண்டும். ஆளை எழுப்பிக் கடைக்குக் கொண்டுவரும் வலுவும் அதற்கு இருக்கவேண்டும். ஒரு தயிர் வியாபாரி என்னிடம் வந்து ‘சுத்தமான சுவையான எருமைத் தயிர்’ என்று போடச் சொன்னார். அது யு.எஸ்.பி. ஆகாது, எல்லாச் சட்டியிலும் அப்படித்தான் இருக்கிறது. கதைத்துக்கொண்டிருக்கும்போது, புளித்துப் போனால் சட்டியோடு திருப்பி எடுத்துக் காசு கொடுப்பது தன் வழக்கம் என்று சாதாரணமாகச் சொன்னார். “முதலாளி, அதைத்தான் போடவேணும்” என்றேன். அவருக்கு அது விளம்பரம் மாதிரியே தெரியவில்லை.

ஓட்டோக்காரர் பார்த்த பலகை

இணைய விளம்பரம் வந்த பிறகு எண்களின் குழூஉக்குறி கூடிவிட்டது. விருந்தினர் விடுதி வைத்திருக்கும் தம்பி, தங்கச்சிமார் பேஸ்புக்கில் காசு கட்டிப் பதிவைப் பூஸ்ட் பண்ணிவிட்டு, அது தரும் கணக்கைப் பார்த்துக் குழம்பிப்போய் என்னிடம் வருவார்கள். இதைக் கொஞ்சம் மெதுவாகப் பார்ப்போம், காசு போகிற இடம் இதுதான்.

நிலாவெளி வீதியில் ஒரு விளம்பரப் பலகை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓட்டோக்காரர் அந்த வழியால் ஒரு நாளில் ஆறு தரம் போகிறார், ஆறு தரமும் பார்க்கிறார். இம்ப்ரெஷன் ஆறு. ரீச் ஒன்று. ரீச் என்பது எத்தனை ஆட்கள், இம்ப்ரெஷன் என்பது எத்தனை தரம் காட்டப்பட்டது. ஒருவருக்குச் சராசரியாக எத்தனை தரம் என்பது ஃப்ரீகுவென்சி. ‘உங்கள் விளம்பரம் 20,000 இம்ப்ரெஷன் பெற்றது’ என்று யாராவது சொன்னால் திருமலையில் 20,000 பேர் பார்த்ததாக நினைத்துவிடக் கூடாது. ஒரே ஆள் திரும்பத் திரும்பப் பார்த்ததும் அதற்குள் இருக்கிறது.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 3,000 ரூபாய் கொடுத்துப் பூஸ்ட் பண்ணினீர்கள். இம்ப்ரெஷன் 20,000, ரீச் 8,000. அப்படியென்றால் ஃப்ரீகுவென்சி இரண்டரை. ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு 150 ரூபாய், இதைச் சி.பி.எம். என்பார்கள். அதில் வரும் எம் மில்லியனைக் குறிப்பதாகப் பலர் நினைப்பது வழக்கம். அது லத்தீனில் ஆயிரம். 20,000இல் 120 பேர் தட்டிப் பார்த்தார்கள் என்றால் சி.டி.ஆர்., அதாவது காட்டியதில் எத்தனை வீதம் தட்டினார்கள் என்பது, 0.6 வீதம், ஒரு கிளிக்குக்கு 25 ரூபாய். அந்த 120 பேரில் பத்துப் பேர் வட்ஸ்அப்பில் ‘ரூம் இருக்கா?’ என்று கேட்டார்கள். அவர்கள் லீட். இரண்டு பேர் முற்பணம் கட்டினார்கள். அது கொன்வெர்ஷன். ஆக ஒரு புக்கிங்குக்குச் செலவு 1,500 ரூபாய். இருபதாயிரத்தில் தொடங்கி இரண்டில் வந்து நிற்கிறது. மேலே அகலம், கீழே ஒடுக்கம், அதனால்தான் இதற்கு ஃபனல், புனல், என்று பெயர் வைத்தார்கள்.

பூஸ்ட் விற்பவர் எப்போதும் புனலின் மேல்வாயைக் காட்டிக் கதைப்பார். நீங்கள் கீழ்வாயைப் பற்றிக் கேளுங்கள். லைக் எத்தனை என்று நான் இங்கே சொல்லவேயில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். மதுரையிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் சொந்தக்காரர் போட்ட லைக்கில் ரூம் நிரம்பாது.

இன்னொரு சோடிச் சொல் ஏ.டி.எல்., பி.டி.எல். கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே என்று பொருள். கோடு என்பது விளம்பர நிறுவனத்தின் கணக்குத் தாளில் போட்ட கோடு. பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி, பெரிய வீதிப் பலகை ஆகியவற்றில் இடம் வாங்கிக் கொடுத்தால் அந்த ஊடகமே நிறுவனத்துக்குக் கொமிஷன் தரும். நீண்ட காலம் அது 15 வீதமாக இருந்தது. அவை கோட்டுக்கு மேலே. நோட்டீஸ், கடை வாசலில் சாம்பிள், கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலோடு பனர் போன்றவற்றுக்குக் கொமிஷன் கிடையாது, தனியாகக் கூலி பேசவேண்டும். அவை கீழே. இப்போது அந்தக் கணக்கு முறை பெரிதாக இல்லை, சொல் மட்டும் தங்கிவிட்டது. எனக்கு இது கரைவலைக்கும் தூண்டிலுக்கும் உள்ள வித்தியாசம். கரைவலையை வளைத்துப் போட்டால் ஊரே சேர்ந்து இழுக்கவேண்டும், என்ன மீன் வரும் என்று தெரியாது. தூண்டிலில் இரையைப் பார்த்து மீனைத் தெரிவு செய்யலாம். ஆங்கிலக்காரரும் கடலை விட்டபாடில்லை. ஹூக் என்பது வாசகரைப் பிடிக்கும் முதல் வரி, தூண்டில் முள். ஏமாற்றித் தட்ட வைக்கும் தலைப்பு கிளிக்பெய்ட், இரை. ‘இதில் ஒரு கேட்ச் இருக்கிறது’ என்றால் உள்ளே முள் இருக்கிறது.

எங்களைப் பார்த்துக் கதைப்பது

இனி மங்கலம். விளக்கை அணை என்று சொல்லாமல் ‘குளிர வை’ என்பதும் செத்தார் என்னாமல் ‘துஞ்சினார்’ என்பதும் பெரியப்பா கொடுத்த உதாரணங்கள். மங்கலமில்லாத ஒன்றை நல்ல சொல்லால் மூடுவது. வீட்டில் அது பண்பு. கடையில் அது வேறு.

இலங்கையில் வாகனம் வாங்கப் போனவர்களுக்கு ரீகண்டிஷன் என்ற சொல் தெரியும். பிரித்துப் பூட்டிப் புதுப்பித்தது என்று ஆங்கிலம் சொல்கிறது. எங்கள் வழக்கில் அது யப்பானில் ஓடிவிட்டு இறக்குமதியான பாவித்த வாகனம், அவ்வளவுதான். அன்ரெஜிஸ்டர்ட் என்று இருந்தால் இந்த நாட்டில் இன்னும் பதியவில்லை என்று பொருள், ஓடவேயில்லை என்று பொருள் இல்லை. ப்ரீ-ஓன்ட் என்பது இன்னும் கண்ணியமான சட்டை போட்ட அதே பாவித்த சாமான். புதியது என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால் பிராண்ட் நியூ என்று போடுவார்கள். அந்தப் பிராண்டும் பழைய தீதான், உலையிலிருந்து சுடச்சுட எடுத்த புதிது.

சுற்றுலாத் தொழில் இதில் தனி இராச்சியம். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. வடகீழ்ப் பருவமழையில் புறாத்தீவுப் படகுகளைக் கரையில் ஏற்றி வைத்துவிடுவார்கள். அந்த மழை மாதங்களுக்கு ஆங்கிலச் சுற்றுலா வழக்கில் கிரீன் சீசன் என்று பெயர். பொய் இல்லை, புல் முளைக்கத்தான் செய்கிறது. கோஸி ரூம் என்றால் சின்ன அறை. ரஸ்டிக் என்றால் ஏசி இல்லை, தவளை வரலாம். பீச் ஃப்ரண்ட் என்றால் படியிறங்கினால் மணல், பீச் அக்ஸஸ் என்றால் கடற்கரைக்கு ஒரு பாதை இருக்கிறது, எவ்வளவு தூரம் என்று கேட்கவேண்டும். பார்ஷியல் சீ வியூ என்றால் கதிரையில் ஏறி இரண்டு தென்னைகளுக்கு நடுவே பார்த்தால் ஒரு நீலத் துண்டு.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி கண்டால் அது அலங்காரம் இல்லை. பிளஸ் பிளஸ் என்று வாசிப்பார்கள். சேவைக் கட்டணமும் வரியும் இனித்தான் சேரும் என்று பொருள். 10,000 ரூபாய் அறைக்கு 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 11,000. அதன் மேல் 2024 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள 18 வீத வற் வரியைப் போட்டால் 12,980. வேறு வரிகளும் இருந்தால் அதற்கு மேலே. நெட் என்று போட்டிருந்தால்தான் சொன்ன விலையே விலை.

அப்புறம், அளவுச் சொற்கள். ‘அப் டு 50 வீத விலைக்கழிவு’ என்றால் ஐம்பதைத் தாண்டாது என்ற உறுதி மட்டும்தான் அதில் இருக்கிறது. ஒரு மூலையில் போன வருடக் குடை இரண்டு அந்த விலைக்கு இருந்தாலும் வாசகம் சரி. ‘ஃப்ரொம் 4,500’ என்றால் அதற்குக் கீழே இல்லை. அப் டு கூரை, ஃப்ரொம் தரை. வீட்டைப் பற்றி இரண்டும் எதுவும் சொல்வதில்லை. ‘ஹெல்ப்ஸ்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடி உதிர்வதை நிறுத்தும் என்று எழுதினால் நிரூபிக்கவேண்டும். நிறுத்த உதவும் என்றால் சீப்பும் உதவும்.

ஆங்கிலத்தில் இப்படிப்பட்டவற்றை வீஸல் சொற்கள் என்கிறார்கள். வீஸல் என்பது கீரியைப் போன்ற ஒரு சிறு விலங்கு. முட்டையில் துளையிட்டு உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும், ஓடு முழுசாகத் தெரியும் என்று சொல்லப்படுவதால் வந்த பெயர். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1916இல் அரசியல் மேடையில் பாவித்துப் பிரபலமாக்கினார். எங்களுக்கு அந்த விலங்கு தேவையில்லை. யானை உண்ட விளாங்கனி என்று எப்போதோ சொல்லி வைத்திருக்கிறோம், ஓடு இருக்கும், உள்ளே ஒன்றும் இராது.

நட்சத்திரக் குறியை மறந்துவிட்டேன். விலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் இருந்தால் பலகையின் அடிவிளிம்பில் கடுகளவு எழுத்தில் அதன் சோடி இருக்கும்: ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’, ‘கையிருப்பு உள்ளவரை மட்டும்’. அந்த வரியைக் கடுகாக்கும்படி என்னிடமே கேட்டிருக்கிறார்கள். எழுத்தளவு ஆறு பொயின்டுக்குக் கீழே போனால் மஞ்சள் தாளில் தமிழ் எழுத்தின் சுழி அடைபட்டுவிடும் என்று சொல்லி மறுப்பேன். அது தொழில்நுட்பக் காரணம், அதனால் கோபிக்கமாட்டார்கள்.

ஊதின காற்றும் 100 பவுணும்

‘உலகத் தரம்’, ‘நிகரற்ற’, ‘ட்ரிங்கோவின் ஆடு’. இவையெல்லாம் பொய்யா? சட்டம் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறது, பஃபரி. ஊதுதல், காற்று. வெறும் புகழ்ச்சி என்று யாருக்கும் தெரியும், யாரும் அதை அப்படியே நம்பி வாங்கமாட்டார்கள், ஆகவே குற்றமில்லை. ஆனால் காற்று எங்கே முடிகிறது, வாக்கு எங்கே தொடங்குகிறது? அதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் முதல் வருடத்திலேயே படிப்பார்கள்.

1891இல் இங்கிலாந்தில் இன்ஃபுளுவென்ஸா பரவிய நேரம். கார்போலிக் ஸ்மோக் போல் என்று ஒரு றப்பர் உருண்டை விற்பனைக்கு வந்தது. உள்ளே கார்போலிக் தூள், ஒரு குழாய். குழாயை மூக்கில் வைத்து உருண்டையை அமுக்கினால் தூள் உள்ளே போய்த் தும்மல் வரும், மூக்கு ஓடும். விலை பத்து ஷில்லிங். நவம்பரில் பத்திரிகையில் விளம்பரம் வந்தது: சொன்னபடி நாளுக்கு மூன்று தரம், இரண்டு கிழமை பாவித்த பிறகும் யாருக்காவது அந்தக் காய்ச்சல் வந்தால் 100 பவுண் பரிசு. எங்கள் பேச்சு மெய் என்று காட்ட அலையன்ஸ் வங்கியில் 1,000 பவுண் போட்டு வைத்திருக்கிறோம் என்றும் இருந்தது.

லூயிஸா கார்லில் என்ற பெண்மணி அதை வாங்கினார். நவம்பரிலிருந்து தவறாமல் மூக்கில் அமுக்கிக்கொண்டே இருந்தார். 1892 ஜனவரி 17ஆம் தேதி காய்ச்சல் வந்தது. அவருடைய கணவர் சட்டத்தரணி என்பது நிறுவனத்தின் துரதிர்ஷ்டம். காசு கேட்டுக் கடிதம் எழுதினார்கள், பலிக்கவில்லை, வழக்கு வைத்தார்கள். நிறுவனத்தின் வாதங்களில் ஒன்று, இது வெறும் பஃப், விளம்பரத்தில் சொல்வதை யார் மெய்யென்று எடுப்பார்கள் என்பது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1892 டிசெம்பரில் அதை ஏற்கவில்லை. வங்கியில் 1,000 பவுண் போட்டேன் என்று நீயே எழுதிய பிறகு அது எப்படிக் காற்றாகும் என்பதுதான் நீதிபதிகளின் கேள்வி. 100 பவுணையும் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மையார் 1942 வரை உயிரோடு இருந்தார்.

இந்த வழக்கிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு சின்ன அளவுகோல். விளம்பர வரியில் எண்ணோ, நாளோ, தொகையோ, செய்து பார்க்கக்கூடிய ஒரு சொல்லோ இருந்தால் அது வாக்கு, பிடித்துக்கொள்ளலாம். பெயரடை மட்டும் இருந்தால் காற்று. ‘ட்ரிங்கோவின் ஆடு’ காற்று. ‘20 நிமிடத்தில் கொத்து, பிந்தினால் இலவசம்’ என்பது வாக்கு. இலங்கையிலும் வியாபாரி பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும்படி நடப்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. முறைப்பாடு சொல்ல 1977 என்ற எண் இருக்கிறது. முறையிடப் போகிறவர் விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் நல்லது, பனர் இரவோடிரவாகக் கழன்றுவிடும்.

இளசுகளின் சொற்களைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு உசார் இல்லை, நான் எழுதி முடிக்கிறதுக்குள் அவை பழசாகிவிடும். ட்ரொப் என்றால் எதுவும் விழவில்லை, புதுச் சாமான் வெளிவருகிறது. கொலப் என்றால் இரண்டு பேர் சேர்ந்து செய்வது. டூப் என்றால் விலையுயர்ந்த ஒன்றின் மலிவுச் சாயல். ஃபோமோ என்றால் தவறவிட்டுவிடுவோமோ என்ற பதற்றம். ‘இன்னும் 2 அறைதான் மீதம்’ என்று தொலைபேசித் திரையில் சிவப்பில் மின்னுகிறதே, அது விற்பது அறையை இல்லை, அந்தப் பதற்றத்தை. படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்வேன்: விளங்காத சொல் கண்டால் பலகையைப் படம் எடுங்கள், சொல்லைத் தனியாக எழுதாமல் முழு வரியோடு கொப்பியில் எழுதுங்கள், யார் யாருக்குச் சொன்னது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடக் கொப்பியைத்தான் சொல்கிறேன்.

பெரியப்பா அப்படியொரு கொப்பி வைத்திருக்கிறார். போன கிழமை இரவு தொலைபேசி எடுத்தார்.

“மகன், டவுனில ஒரு உடுப்புக் கடையில கண்ணாடியில பெரிசா எழுதி ஒட்டியிருக்கு, ‘இட்ஸ் எ ஸ்டீல்’ எண்டு. களவு எண்டு தானே எழுதி வைச்சிருக்கிறான்?”

“அவன் எடுக்கிற களவு இல்லை, பெரியப்பா. விலை அவ்வளவு குறைவு, நீங்கள் களவெடுத்துக்கொண்டு போற மாதிரி எண்டு அர்த்தம்.”

“அப்ப கள்ளன் நான்.”

“ஓம்.”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. எழுதிக்கொண்டிருந்திருப்பார்.

“ஒரு சேர்ட் எடுத்தனான். ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. இரண்டாயிரம் குடுத்தன், மிச்சத்துக்கு டொஃபி ஒண்டு தந்தவன்.”